மேல்நோக்கிப் புரளும் மண்: பழனி மலையில் ஒரு கலப்பையைச் செய்து சோதித்த அனுபவம்

பழனி மலையின் மேல்பகுதியில், மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறை, கூக்கால் போன்ற ஊர்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகிற நிலங்களில் பெரும்பாலானவை சரிவை வெட்டிப் படிப்படியாக அமைத்தவை. ஒரு படியின் அகலம் பல இடங்களில் நான்கு அல்லது ஐந்து மீட்டரைத் தாண்டாது. சமவெளியில் ஒரு கலப்பையை மதிப்பிடும்போது எவ்வளவு ஆழம் போகிறது, மாடு எவ்வளவு எளிதாக இழுக்கிறது, ஒரு நாளில் எவ்வளவு நிலம் முடிகிறது என்ற மூன்றையும் பார்த்தால் போதும். மலையில் இவற்றுக்கெல்லாம் முன்னதாக, உழுத மண் எந்தப் பக்கம் போய் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வேளாண் பொறியியல் படித்துவிட்டு மன்னவனூர்ப் பக்கம் குடும்பத்துத் தோட்டத்தைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில், இந்த ஒரு கேள்வியை முன்வைத்து ஒரு கலப்பையை வடிவமைத்து, எங்கள் நிலத்திலேயே சோதித்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் படிகளில் பல, வெளிப்பக்கமாகச் சாய்ந்தவை. உதகையில் உள்ள மண், நீர்வள ஆராய்ச்சி மையம் போன்ற நிறுவனங்கள் மலைச்சரிவுகளுக்கு உட்பக்கம் சாய்ந்த படிகளையே பரிந்துரைக்கின்றன. ஆனால் தலைமுறைகளாகக் கையால் வெட்டிய நிலத்தை ஒரே மூச்சில் அப்படி மாற்றி அமைக்கச் சிறு விவசாயிக்கு வசதி இருப்பதில்லை. வெளிச்சாய்வான படியில் ஒவ்வொரு உழவும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்துப் பக்கம் உள்ள வெளிவரப்பை நோக்கித் தள்ளுகிறது. மழையே பெய்யாவிட்டாலும் இது நடக்கும், ஏனெனில் கலப்பை கிளறிவிட்ட மண் கட்டி சரிவின் கீழ்ப்பக்கமாகத்தான் எளிதில் உருளும். மலையை ஒட்டிய உட்கரை ஓரத்தில் மேல்மண் மெலிந்து மஞ்சள் கலந்த சிவப்பு அடிமண் தெரிய ஆரம்பிப்பதும், அந்த இடத்துப் பூண்டு வெளுத்து மெலிந்து நிற்பதும், வெளிவரப்பு ஓரத்தில் மட்டும் பயிர் கறுத்துச் செழித்து நிற்பதும் எங்கள் பகுதி விவசாயிகள் அனைவருக்கும் பழகிய காட்சி. பலரும் இதை எருப் பற்றாக்குறை என்றே எண்ணி, உட்கரைக்குக் கூடுதலாகக் குப்பை சுமக்கிறார்கள். எரு தேவைதான், ஆனால் போன மண்ணை எருவால் மட்டும் ஈடுசெய்ய முடியாது.

எவ்வளவு மண் போகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். 10 செ.மீ. ஆழத்துக்கு உழுத மண், ஒரு உழவில் சராசரியாக 20 செ.மீ. கீழே நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், படியின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 20 லிட்டர் மண் இடம் மாறுகிறது. 50 மீட்டர் நீளமுள்ள படியில் அது ஒரு கன மீட்டர். எங்கள் மண் மக்கு நிறைந்த, எடை குறைந்த மண்தான் என்றாலும், அது ஏறக்குறைய ஒரு டன். ஒரே ஒரு உழவில் இவ்வளவு என்றால், போகத்துக்கு இரண்டு மூன்று உழவு போடுகிற நிலத்தின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் கலப்பையின் வேலை எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது.

நாட்டுக் கலப்பையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எடை குறைவு, ஒரே ஆள் தோளில் சுமந்து அடுத்த படிக்கு ஏறிவிடலாம், ஊரிலேயே பழுது பார்க்கலாம். ஆனால் அது ‘வி’ வடிவத்தில் மண்ணைக் கீறுகிறதே தவிரப் புரட்டுவதில்லை. கலப்பை கீறிப் போகும் பள்ளமே சால்; இரண்டு சால்களுக்கு நடுவில் உழாத திட்டு ஒன்று நின்றுவிடும். அதை உடைக்கக் குறுக்கு உழவு வேண்டும். படியில் குறுக்கு உழவு என்றால் உட்கரையிலிருந்து வெளிவரப்புக்கு, அதாவது சரிவின் மேலிருந்து கீழாக ஓட்டுவது. மண் நகர்வதற்கு இதைவிட எளிய வழி இருக்க முடியாது. அது மட்டுமல்லாமல், கலப்பையை நுகத்தடியோடு இணைக்கும் நீண்ட ஏர்க்காலுடன் மாடுகளை நான்கு மீட்டர் அகலத்துக்குள் திருப்ப முடியாததால், ஓரங்களை எப்படியும் மண்வெட்டியால்தான் கொத்த வேண்டியிருக்கிறது.

பவர் டில்லரும் சிறு டில்லர்களும் இப்போது மலைக்கு வந்துவிட்டன. ஏர் ஓட்ட ஆள் கிடைக்காத ஊரில் அவற்றை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் சுழலும் கத்திகள் மண்ணைப் பொடியாக்கிவிடுகின்றன. பொடியான மண் ஐப்பசி, கார்த்திகை மழையில் முதலில் கரைந்து போகும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில் ஓடுவதால் அடியில் ஒரு கெட்டித் தளமும் உருவாகிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது மண்ணைப் புரட்டிப் போடுகிற ஏர் உழவு ஒன்று வேண்டும் என்பதே என் முடிவு.

மண்ணைப் புரட்டுவதற்கு இரும்பில் செய்த, வளைந்த தகட்டை இறக்கையாகக் கொண்ட இறக்கைக் கலப்பை நெடுங்காலமாக இருக்கிறது. சாதாரண இறக்கைக் கலப்பை ஒரே பக்கம், வழக்கமாக வலப்பக்கம், மண்ணைப் புரட்டும். படியின் நீளத்தில் போகும்போது மேல்பக்கம் விழுகிற மண், திரும்பி வரும்போது கீழ்ப்பக்கம் விழும். ஆகவே மலைக்கு வேண்டியது, படியின் கோடியில் இறக்கையை மறுபக்கம் திருப்பிக்கொள்ளக்கூடிய கலப்பை. இது புதிய எண்ணமன்று. இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் இப்படி மாற்றிப் போடும் கலப்பைகள் பல நூற்றாண்டுகள் புழக்கத்தில் இருந்தன. இதை எங்கள் மண்ணுக்கும், எங்கள் சிறிய மாடுகளுக்கும், ஊர்ப் பட்டறையில் கிடைக்கிற இரும்புக்கும் பொருத்துவதே நான் எடுத்துக்கொண்ட வேலை.

முதலில் மாட்டின் வலுவிலிருந்து கணக்கைத் தொடங்கினேன். ஒரு ஜோடி மாடு, தன் மொத்த உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விசையை மணிக்கணக்கில் தளராமல் இழுக்கும் என்பது பொதுவான அளவுகோல். எங்கள் மலை மாடுகள் சிறியவை. ஜோடி 500 கிலோவை ஒட்டி இருக்கும். ஆக, கலப்பை கேட்கிற இழுவிசை 50 கிலோவைச் சுற்றியே இருக்க வேண்டும். நடுத்தர மண்ணில் சாலின் குறுக்குப் பரப்பில் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 0.3 கிலோ விசை தேவை என்று வைத்தால், சாலின் பரப்பு 170, 180 சதுர செ.மீ.யைத் தாண்டக் கூடாது. இந்தப் பரப்பை ஆழத்துக்கும் அகலத்துக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் வடிவமைப்பே அடங்கியிருக்கிறது.

‘அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்’ என்று நம் பக்கம் சொல்வார்கள். கரிசலிலும் செவலிலும் அது உண்மையாக இருக்கலாம். மேல்மலை மண்ணில் நான் அதற்கு உடன்படவில்லை. எங்கள் அடிமண் புளிப்பு மிகுந்தது, மணிச்சத்தை (பாஸ்பரஸை)ப் பிடித்துவைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்காதது. ஆழமாகப் புரட்டினால் அந்த மண் மேலே வந்து, மக்கு நிறைந்த கறுப்பு மண் கீழே புதைந்துவிடும். இன்னொரு காரணம் வடிவ கணிதத்தைச் சார்ந்தது. வெட்டிய மண் பாளம் புரண்டு 45 பாகையில் சாய்ந்து நிற்க வேண்டுமானால், அதன் அகலம் ஆழத்தைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு இருக்க வேண்டும். அகலம் குறைந்தால் பாளம் திரும்பவும் சாலுக்குள்ளேயே விழுந்துவிடும். சரிவின் மேல்பக்கமாகப் புரட்டும்போது பாளத்தின் எடையே அதைக் கீழே இழுப்பதால், இந்த விகிதம் இன்னும் அதிகமாக இருக்க வேண்டும். ஆகவே 10 செ.மீ. ஆழம், 18 செ.மீ. அகலம் என்று முடிவு செய்தேன். பரப்பு 180 சதுர செ.மீ., கணக்குப்படி இழுவிசை 54 கிலோ. சற்றுக் கூடுதல்தான், ஆனால் மண் பதமாக இருக்கும்போது உழுதால் தாங்கும்.

கீழ்நாட்டுப் பட்டறை ஒன்றில் கொல்லரோடு உட்கார்ந்து, முதலில் தடித்த அட்டையிலும், பிறகு தகரத்திலும் இறக்கையின் மாதிரியை வெட்டினோம். லாரியின் பழைய பட்டா (வில் தகடு) இரும்பு, மண்ணை வெட்டும் முனையான கொழுவுக்கு மிகவும் ஏற்றது. அதில் கார்பன் அதிகம் இருப்பதால், பழுக்கக் காய்ச்சித் தோய்த்தால் முனை நன்றாகக் கெட்டிப்படும். அதேசமயம், தோய்த்த பிறகு மிதமான சூட்டில் மறுபடி காட்டி ஆற விடாவிட்டால், பாறையில் இடிக்கும்போது சில்லாக உடையும். எங்கள் நிலத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை என்பதால், கெட்டித்தன்மையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தாங்கும் திறனைக் கூட்டினோம். கொழு தரையோடு செய்கிற கோணம் 20 பாகையை ஒட்டி இருக்குமாறு வைத்தோம். கொழுவின் முனை, கலப்பையின் அடித்தட்டைவிட 3 முதல் 5 மி.மீ. கீழே இறங்கி இருக்க வேண்டும் என்பதைக் கொல்லரிடம் வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சிறு இறக்கம் இல்லாவிட்டால் கலப்பை மண்ணைக் கவ்வாமல் மேலே மேலே எழும்பி வரும். கொழு தேயும்போது முதலில் மறைவதும் இந்த இறக்கம்தான். ஏரோட்டி கலப்பையின் கைப்பிடியான மேழியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்றால், கொழுவைத் தட்டி வாங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இறக்கையைத் திருப்புவதற்கு, கொழுவையும் இறக்கையையும் ஒரே துண்டாகச் செய்து, அது அச்சு ஒன்றில் கலப்பையின் அடியாகச் சுழன்று மறுபக்கம் வந்து ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும்படி அமைத்தோம். இந்தக் கொக்கிதான் முழுக் கலப்பையிலும் அதிகக் கவனம் கேட்ட உறுப்பு. சுருள்வில் வைத்த கொக்கியில் ஈரமண் புகுந்து இறுகிவிட்டது. ஏரோட்டி ஒவ்வொரு கோடியிலும் குனிந்து விரலால் மண்ணைத் தோண்ட வேண்டியிருந்தால் எவ்வளவு நல்ல கலப்பையும் பரணுக்குத்தான் போகும். ஆகவே வில்லை எடுத்துவிட்டு, தன் எடையாலேயே விழுந்து பிடித்துக்கொள்ளும் நீண்ட கொக்கியும், அதை மேழியின் அருகிலிருந்தே தூக்குவதற்கு ஒரு கம்பியும் வைத்தோம். கொக்கியைச் சுற்றி விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டதால், சேர்கிற மண் தானாகவே உதிர்கிறது.

ஒட்டும் மண் அடுத்த சிக்கல். 1837ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜான் டியர் என்ற கொல்லர், பளபளப்பாகத் தேய்த்த எஃகில் கலப்பை செய்து பெயர் பெற்றதற்குக் காரணமே அந்தப் பகுதியின் பிசுபிசுத்த மண், வார்ப்பிரும்புக் கலப்பைகளில் அப்பிக்கொண்டு நகராமல் நின்றதுதான். மேல்மலை மண்ணும் ஈரத்தில் அப்படி அப்பும். முழுத் தகடாகச் செய்த இறக்கையையும், இடைவெளி விட்டு மூன்று பட்டைகளை அடுக்கிச் செய்த இறக்கையையும் ஒரே படியில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தோம். ஈரம் மிகுந்திருந்தபோது பட்டை இறக்கை தெளிவாக மேலாக இருந்தது. மண் ஒட்டுவதற்கு அதில் பரப்பே குறைவு. ஆனால் புல் மண்டிய தரிசில் வேர்க்கொத்துகள் பட்டைகளுக்கு நடுவே சிக்கின. எங்கள் நிலம் பெரும்பாலும் தொடர்ந்து பயிர் செய்வதாகையால் பட்டை இறக்கையையே வைத்துக்கொண்டேன். தரிசை உடைக்க நினைப்பவர்கள் முழுத் தகட்டைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. எதுவானாலும், உழவு முடிந்த அன்றே கழுவித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். எங்கள் பனியில் ஓரிரவு நனைந்து கிடந்தாலே பளபளப்பு போய்த் துரு பிடித்துவிடும்.

சோதனைக்குப் பெரிய கருவிகள் எதுவும் தேவைப்படவில்லை. 100 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு ஒன்றை நுகத்தடிக்கும் கலப்பைச் சங்கிலிக்கும் நடுவில் மாட்டினோம். ஓடும்போது முள் துள்ளிக்கொண்டே இருப்பதால் கண்ணால் பார்த்து எழுத முடியாது. செல்போனில் படம் பிடித்து, வீட்டுக்கு வந்து நொடிக்கு ஒரு அளவாகக் குறித்துச் சராசரி எடுத்தேன். சங்கிலி சாய்வாக மேலேறுவதால் தராசு காட்டுவது முழுதும் கிடை இழுவிசை ஆகாது. சாய்வு 20 பாகை என்றால் 0.94ஆல் பெருக்க வேண்டும். மண்ணின் ஈரத்தை அறிய, சால் ஓரத்தில் எடுத்த மண்ணை எடைபோட்டு, இரும்புச் சட்டியில் எடை மாறாத வரை வறுத்து மறுபடி எடைபோட்டேன். ஈரத்தைக் குறிக்காமல் எடுத்த இழுவிசை அளவுகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஒரே கலப்பை, ஒரே படியில், நல்ல பதத்தில் ஒரு அளவும் காய்ந்த பிறகு அதைவிட மிகக் கூடுதலான அளவும் காட்டும். பதத்தைக் கையாலேயே அறியலாம். ஒரு பிடி மண்ணை இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். தட்டியும் உதிராமல் நசுங்கினால் மாட்டைக் கொட்டகையிலேயே விடுவது நல்லது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஏரோட்டிய எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர்தான் எல்லாச் சோதனைகளிலும் மேழி பிடித்தார். “தராசு சொல்றது இருக்கட்டும் தம்பி, மாட்டோட விலாவப் பாரு” என்பார். அவர் சொன்னதிலும் அளவு இருந்தது: சால் முடிவில் நிறுத்தியதும் மாடு எவ்வளவு நேரத்தில் மூச்சு அடங்கி நிற்கிறது என்பதைக் குறித்து வந்தபோது, அது தராசின் சராசரியோடு ஒத்துப்போனதோடு, தராசு காட்டாத ஒன்றையும் காட்டியது. சரிவில் நுகத்தடி சாய்ந்திருந்தால், மொத்த இழுவிசை குறைவாக இருந்தாலும் கீழ்ப்பக்க மாடு விரைவில் களைத்தது.

இந்த இடத்தில் மேல்பக்கம் புரட்டும் முறைக்கு எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. இம்முறையில் உட்கரையோரம் தொடங்கி, ஒவ்வொரு சாலாக வெளிவரப்பை நோக்கி இறங்கி வர வேண்டும். அப்போது மேல்பக்க மாடு, முந்தைய சாலுக்குள் நடக்கிறது. சாலின் ஆழம் 10 செ.மீ. என்பதால் அந்த மாடு அவ்வளவு தாழ்ந்து நடக்க, நுகத்தடியின் சாய்வு குறைகிறது. கலப்பையை மண் கீழ்ப்பக்கமாக உந்தும் விசையையும் உழாத நிலத்தின் சுவரே தாங்கிக்கொள்கிறது. அந்தச் சுவரில் உரசுகிற பக்கத்தட்டை மட்டும் வழக்கத்தைவிட நீளமாக வைக்க வேண்டும். நீண்ட ஏர்க்காலுக்குப் பதில் குட்டையான காலும் சங்கிலியும் வைத்ததால் கோடியில் திருப்புவதும் எளிதாயிற்று. சங்கிலியை நீட்டினால் கலப்பை ஆழமாகப் போகும், குறைத்தால் மேலெழும் என்பதை ஏரோட்டி ஒரு முறை கைப்பழக்கமாக்கிக்கொண்டால் போதும்.

மண் நகர்வை அளந்ததுதான் எனக்கு மிகவும் மனநிறைவு தந்த பகுதி. உடைந்த ஓட்டுச் சில்லுகளுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணம் பூசி, படியின் நீளவாக்கில் மூன்று வரிசைகளாக, வெவ்வேறு ஆழத்தில் புதைத்தோம். வரிசையின் இரு கோடியிலும் வரப்புக்கு வெளியே முளை அடித்துக் கயிறு கட்டி இடத்தைக் குறித்துவைத்தோம். உழுத பிறகு அதே கயிற்றைக் கட்டி, மண்ணைக் கையால் விலக்கிச் சில்லு சில்லாகத் தேடி, கயிற்றிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளந்தோம். நாட்டுக் கலப்பை ஓடிய படியில் சில்லுகள் இரு பக்கமும் சிதறியிருந்தாலும், பெரும்பாலானவை கயிற்றுக்குக் கீழேதான் கிடந்தன. இறக்கைக் கலப்பை கீழ்ப்பக்கம் புரட்டிய சாலில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாகக் கீழே போயிருந்தன. புதிய கலப்பையால் மேல்பக்கம் புரட்டிய சாலில் அரைச் சாணுக்குமேல் மேலேறியிருந்தன. மேலேறும் தூரம் கீழிறங்கும் தூரத்துக்குச் சமமாக இல்லை. சரிவு அப்படித்தான் கணக்குத் தீர்க்கும். ஆகவே ஒரு முறை கீழ்நோக்கிப் புரட்டியதை ஈடுசெய்ய ஒன்றுக்கு மேற்பட்ட மேல்நோக்கிய உழவு வேண்டும். நீல நிறச் சில்லு ஒன்றை உட்கரைப் பக்கத்துப் பாளத்தின் மேல் பார்த்ததும் பெரியவர் அதை எடுத்து வேட்டியில் துடைத்து, வீட்டுக்குக் கொண்டுபோனார்.

நடை அளவையும் சொல்ல வேண்டும். 18 செ.மீ. அகலச் சாலில் ஒரு ஏக்கரை உழ ஏறக்குறைய 22 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நாட்டுக் கலப்பையால் 12 செ.மீ. இடைவெளியில் இரண்டு முறை உழுதால் அது 67 கிலோமீட்டருக்கு மேல். மாடும் ஆளும் மிச்சம் பிடிக்கிற இந்த நடையே, கூடுதல் விலைக்கும் எடைக்கும் பதில் சொல்கிறது. சுண்ணாம்போ டோலமைட்டோ தூவி மண்ணின் புளிப்பைக் குறைக்க நினைப்பவர்களுக்கு, அது மேலாகத் தங்காமல் உழவு மண்ணோடு கலக்க இந்தப் புரட்டல் உதவும் என்பதும் கூடுதல் பயன். வெளிவரப்பிலிருந்து ஒரு முழம் வரை உழாமல் புல்லை அப்படியே விட வேண்டும். கடைசிச் சால் திறந்தபடி நிற்பதால், அந்தப் புல்தான் வரப்பைக் காக்கும்.

இப்போது பக்கத்து ஊர்களிலிருந்தும் கலப்பையைக் கேட்கிறார்கள். கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை: தோட்டத்தை விட்டு வெளியேறும் முன் கலப்பையையும் சங்கிலியையும் மாட்டின் குளம்பையும் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. பிறகு எங்கள் மலையிலும் பரவியது. அதன் முட்டைக்கூடுகள் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும், கொழுவில் ஒட்டிய ஒரு கைப்பிடி மண்ணே அவற்றை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகப் போதுமானது.

இன்னும் முடியாத வேலை ஒன்று உண்டு. பல வீடுகளில் இப்போது ஒற்றை மாடுதான் இருக்கிறது. ஒற்றை மாட்டுக்கு 25 கிலோ இழுவிசை என்று வைத்தால், சாலின் பரப்பு 80 சதுர செ.மீ.யைச் சுற்றி நிற்க வேண்டும், 7 செ.மீ. ஆழம், 11 செ.மீ. அகலம். பூண்டுப் பாத்திக்கு இந்த ஆழம் போதும். விகிதம் 1.6க்கு மேல் வரவில்லை என்பதால் சரிவான படியில் பாளம் மேல்நோக்கி நிற்குமா என்பதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அட்டை மாதிரியை வெட்டிக் கொல்லரிடம் கொடுத்திருக்கிறேன், ஆவணிக்குள் இரும்பில் கிடைத்துவிட்டால் அடுத்த போக உழவிலேயே ஓட்டிவிடலாம்.